பத்துச் சொல் எங்கே, டீச்சர்?

எங்கள் பள்ளிக்குக் கதைப் புத்தகம் வருவதில்லை என்று இனி யாரும் மூக்கைச் சிந்த முடியாது. கட்டுக் கட்டாக வருகிறது. வாசிப்பு இயக்கம் 2023இல் தொடங்கியபோது நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையாகப் பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்து இறங்கின. அதற்கு முன்பே துளிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக அலமாரியில் சேர்ந்தவை உண்டு. 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் படித்த காலத்தில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் கண்ணால் கண்டதில்லை. அதனால் புத்தகத்தைக் குறை சொன்னால் எனக்கு நாக்கு அழுகிப் போகும்.

என் ஆதங்கமெல்லாம் அதை வைத்துக்கொண்டு எங்களைச் செய்யச் சொல்லும் காரியத்தைப் பற்றியது. புத்தகத்தோடு கூடவே ஒரு பதிவேடும் வந்து சேர்ந்துவிட்டது. தேதி, புத்தகத்தின் பெயர், வாசித்துக் காட்டிய நேரம், கற்பித்த புதிய சொற்கள், எத்தனை மாணவர் கற்றனர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். புதிய சொற்கள் என்ற கட்டத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘குறைந்தது 10’. இந்தப் பத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. பதினாறு பக்கம், பக்கத்துக்கு ரெண்டு வரி உள்ள ஒரு கதையில் பிள்ளைகளுக்குத் தெரியாத பத்துச் சொல் இருந்தால், அது அந்தப் பிள்ளைகளுக்கான கதையே இல்லை என்பது எழுதினவருக்குத் தெரியும், படம் வரைந்தவருக்குத் தெரியும். கட்டம் போட்டவருக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே நானும் நிரப்புகிறேன். யானை, குளம், மரம், தண்ணீர், வெயில், கூட்டம், காது, தும்பிக்கை, சேறு, மாலை. பத்து ஆச்சு. இவற்றில் ஒன்றுகூடப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. அதனால் அடுத்த கட்டத்தில் அனைவரும் கற்றனர் என்று எழுத எனக்குக் கை கூசுவதும் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கும் பரம திருப்தி. சொல்லப்போனால் என் வகுப்பு இந்தப் பதிவேட்டில் எப்போதும் முன்மாதிரி.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. கரிசல் காடு. ஊரில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் ஆடு வைத்திருக்கிறவர்கள். தலைமை ஆசிரியரும் நானுமாக அஞ்சு வகுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என் தலையில். மூன்றும் ஒரே அறை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகவும் உட்கார வைக்க வேண்டும். வகுப்பு மூன்று, நிலை மூன்று, ஆசிரியர் ஒருத்தி. இதில் கதைக்கு என்று ஒதுக்கிய நேரம் மத்தியானம் கடைசிப் பாடவேளை. அப்போதுதான் ஒரு விவரம் உடனே அனுப்பச் சொல்லிக் கைப்பேசியில் தகவல் வரும். கதையில் புலி குகைக்குள் நுழைந்த பக்கத்தில் நிறுத்திவிட்டு, எத்தனை பிள்ளைக்குச் செருப்பு அளவு எடுத்தாச்சு என்று தட்டி அனுப்பிவிட்டுத் திரும்பினால், புலி அங்கேயே நிற்கும். பிள்ளைகள்தான் இருக்க மாட்டார்கள். பாதி ஜன்னலில், பாதி சண்டையில்.

சரி, உட்கார வைத்து வாசிக்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே, படம் அவர்கள் பக்கம் தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒடித்து, ஓரக்கண்ணால் வரியைப் பார்த்து வாசிக்க வேண்டும். கையகலப் புத்தகம். முன்வரிசைக்கு யானை தெரியும். பின்வரிசைக்கு என் கட்டைவிரல்தான் தெரியும். “டீச்சர், காமிங்க, காமிங்க” என்று எழுந்து வந்து மேலே விழுவார்கள். நியூசிலாந்துக் கல்வியாளர் டான் ஹோல்டவே 1970களிலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்: வகுப்பில் கடைசிப் பிள்ளைக்கும் படமும் எழுத்தும் தெரிகிற அளவுக்குப் புத்தகத்தையே பெரிதாக்கிவிடு. வீட்டில் மடியில் உட்காரும் பிள்ளைக்குக் கிடைப்பது வகுப்புக்கும் கிடைக்கட்டும் என்பது அவர் கணக்கு. நானும் சார்ட் பேப்பரில் வரைந்து பார்த்தேன். என் யானை பன்றிக்கும் எருமைக்கும் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது.

படப் புத்தகத்தை வைத்துச் சொல் கற்பிப்பது என்றால் எல்லோர் மனசிலும் ஓடுவது ஒன்றுதான். படத்தைக் காட்டு, பெயரைச் சொல்லு, பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். இது ரொம்பப் பழைய யோசனை. கொமேனியஸ் 1658இல் நூரெம்பர்க்கில் வெளியிட்ட படநூலில், படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டுப் பக்கத்திலேயே லத்தீனிலும் ஜெர்மனிலும் பெயர் எழுதி வைத்தார். நம் வகுப்புச் சுவரில் தொங்கும் பழம், பறவை, வாகனம் சார்ட்டுகளுக்கெல்லாம் அவர்தான் தாத்தா. அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அது பெயர்ச்சொல்லுக்குத்தான் செல்லும். கதைப் புத்தகத்தில் வேலை செய்கிற சொல் அதுவல்ல. தயங்குவது, ஏங்குவது, சமாளிப்பது, முணுமுணுப்பது, ஒப்புக்கொள்வது, பதுங்குவது, திகைப்பது என்று இருக்கிறதே, அவற்றுக்கு எந்தச் சார்ட்டும் கிடையாது. கதையில்தான் கிடைக்கும். அதுவும் படம் பாதி, வரி பாதி, வாசிக்கிறவளின் குரல் மிச்சம் என்று மூன்றும் சேர்ந்து கொடுத்தால்தான் கிடைக்கும்.

அந்த யானைக் கதையையே சொல்கிறேன். கூட்டம் குளத்தில் இறங்குகிறது. ஒரு குட்டி மட்டும் கரையில் நிற்கிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிறுத்தி வரைந்திருக்கிறார் ஓவியர். கால் தண்ணீரையும் தொடவில்லை, தரையையும் தொடவில்லை. குட்டி தண்ணீரில் இறங்கத் தயங்கியது என்கிறது வரி. நான் அந்தச் சொல்லில் கொஞ்சம் இழுத்து நிறுத்தி, “தயங்குச்சுன்னா என்ன செஞ்சுச்சு?” என்று கேட்டேன்.

“பயந்துருச்சு டீச்சர்.”

“பயந்தா ஓடிருக்கும்ல? ஓடலையேடா.”

“அப்ப யோசிக்கி.”

“யோசிக்கதுக்கு எதுக்குல காலைத் தூக்கணும்?” இது நான் கேட்டதல்ல, பக்கத்தில் இருந்தவன் கேட்டது.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து காலைத் தூக்கிப் பார்த்தான். அப்புறம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “எங்கம்மா கைமாத்து வாங்கப் போவாக டீச்சர். அந்த வீட்டு வாசல்ல போயி நிப்பாக. கூப்புடவும் மாட்டாக, திரும்பி வரவும் மாட்டாக.”

“எங்கம்மாவும்தான்” என்றது இன்னொரு குரல்.

நான் மேற்கொண்டு அர்த்தம் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த வாரமே பார்வைக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், உட்கார்ந்து பிள்ளைகளோடு உப்புமா சாப்பிட்டவர். பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் பிள்ளைகளின் நோட்டைக் கேட்டார். “புத்தகத்துல ‘தயங்கியது’ன்னு வருதே, பொருள் எழுதிப் போடலையா மேடம்?”

“பேசினோம் சார்.”

“பேசினது எனக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவரும் கேட்பார். கரும்பலகையில் அவரே எழுதினார்: தயங்கு – பின்வாங்கு. அஞ்சு தடவை எழுதச் சொன்னார். எழுதினார்கள். குட்டி பின்வாங்கவே இல்லை. அடுத்த பக்கத்தில் தொபுக்கென்று தண்ணீரில் விழுகிறது. பின்வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நோட்டில் இருப்பதுதான் சாட்சி. அந்தப் பிள்ளை தன் அம்மாவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் காட்டியதற்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை.

இசபெல் பெக், மார்கரெட் மெக்கியூன், லிண்டா குகன் என்று மூன்று அமெரிக்கப் பெண்கள் 2002இல் சொற்களைக் கற்பிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். சொல்லை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். பேச்சிலேயே தானாக வந்துவிடும் சொல் முதல் அடுக்கு. ஒரு துறைக்கு மட்டும் உரிய சொல் மூன்றாவது. நடுவில் உள்ளது, எந்தக் கதையிலும் எந்தப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரக்கூடிய, ஆனால் வீட்டுப் பேச்சில் அதிகம் வராத சொல். ஆசிரியர் நேரத்தைச் செலவழிக்க வேண்டியது அந்த நடு அடுக்கில் என்றார்கள். ஒரு கதைக்கு இரண்டோ மூன்றோ சொல் எடுத்துக்கொள், கதை முடிந்த பிறகு அதை வெளியே கொண்டுவந்து வேறு வேறு இடத்தில் வைத்துக் காட்டு, வாரம் முழுக்கப் புழங்க விடு. இதையெல்லாம் எனக்குப் பயிற்சியிலும் சொன்னார்கள், திரையில் ஸ்லைடு ஓட்டிச் சொன்னார்கள். மூன்று சொல் போதும் என்று ஸ்லைடில் போட்டவர்களும், பத்து எங்கே என்று கேட்பவர்களும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ள மாட்டார்களா என்பதுதான் என் சந்தேகம். ஒரே கட்டடத்தில்தானே இருக்கிறீர்கள்?

இன்னொன்று. அமெரிக்கப் பிள்ளைக்குப் போட்ட அந்த அடுக்கு நம் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. நம் படப் புத்தகம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. பிள்ளையின் வாயில் இருப்பது வேறு. மழை பேஞ்சுச்சு என்று பேசுகிற பிள்ளைக்கு மழை பெய்தது என்று வாசித்தால் ஒரு கணம் முழிக்கும். கம்மாய் தெரியும், ஏரி என்றால் என்னவோ என்று பார்க்கும். வெரசா வா என்றால் ஓடிவருவான், விரைந்து வா என்றால் உட்கார்ந்திருப்பான். இவையெல்லாம் புதுச் சொல் கணக்கில் சேருமா? ஏற்கெனவே தெரிந்த சொல்தான், யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. இதற்குப் பொருள் எழுதி அஞ்சு தடவை எழுத வைப்பது வீண் வேலை. வாசிக்கும்போதே, பெய்தது, பேஞ்சுச்சு என்று ஒரு மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு மூச்சு கூடாது என்று ஒருமுறை எனக்குக் குறிப்பு எழுதிவிட்டுப் போனார்கள்: ‘ஆசிரியர் கொச்சைத் தமிழ் தவிர்க்கவும்.’ பிள்ளையின் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று எழுதிவிட்டு, அவன் ஏன் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அடுத்த வரியில் கேட்டிருந்தார்கள்.

கிராமத்துப் பிள்ளைக்குச் சொல் வளம் குறைவு என்று ஒரு பேச்சு இருக்கிறது. இதற்கும் ஸ்லைடு உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் 42 குடும்பங்களைப் பார்த்து பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 1995இல் எழுதிய கணக்கு அது: ஏழை வீட்டுப் பிள்ளை நாலு வயதுக்குள் 3 கோடிச் சொல் குறைவாகக் கேட்கிறது என்று. அந்தக் கணக்கைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் போட்டுக் கிழித்துவிட்டார்கள். பிள்ளை தன்னைச் சுற்றி நடக்கும் பேச்சையெல்லாம் கேட்கிறதே, அதை ஏன் எண்ணவில்லை என்று கேட்டார்கள். ஆனால் நம் ஊர்ப் பயிற்சியில் 3 கோடி இன்னும் உயிரோடு இருக்கிறது. என் வகுப்பில் ஆடு மேய்க்கப் போகும் ஒரு பையனுக்கு வெள்ளாடு வேறு, செம்மறி வேறு, கிடாய் வேறு, சினையாடு வேறு, பால்குட்டி வேறு. எது எந்தச் செடியைக் கடிக்கும், எதைக் கடித்தால் வயிறு ஊதும் என்பதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறான். அவனுடைய நிலை அட்டையில் சொல் வளம் என்ற இடத்தில் நான் ‘அரும்பு’ என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது வயிறு எரிகிறது.

அவனுக்கு எழுத்துக் கூட்ட இன்னும் வரவில்லை, அது உண்மை. ஆனால் வாசித்துக் காட்டுவதன் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. தானாக வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும், அவன் வாசிக்கக்கூடிய புத்தகத்துக்கு நாலு படி மேலே உள்ள சொல்லைக் காது வழியாகக் கொடுத்துவிடலாம். படம், மரம், பட்டம் என்று எழுத்துக்கூட்டி வாசிக்கிற புத்தகத்தில் தயங்குவதற்கும் திகைப்பதற்கும் இடமே கிடையாது. கண் படிக்கத் தொடங்கும் வரை காது பட்டினி கிடக்க வேண்டாம் என்றுதான் வாசித்துக் காட்டுகிறோம். இதை மறந்துவிட்டு, கேட்ட கதைக்கு எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள்.

வளரறி மதிப்பீட்டுத் தாளில் வந்தது, ‘சொல்லையும் பொருளையும் கோடிட்டு இணைக்க’ என்று. ஆட்டுக்காரப் பையன் தாளைக் காலியாகக் கொடுத்தான். ஆனால் அதற்கு முந்தின வாரம் காலை உணவு வரிசையில் நின்றுகொண்டு, தட்டை நீட்டாமல் நெளிந்துகொண்டிருந்த ஒண்ணாம் வகுப்புப் பொடியனைக் காட்டி, “டீச்சர், இவன் ரெண்டாந்தரம் வாங்கத் தயங்குதான்” என்று சொன்னது அவன்தான். அதற்கு மறுநாள் வந்து, “எங்க ஆடு குட்டி போடத் தயங்குது டீச்சர், ராத்திரி பூரா அம்மா முழிச்சிருந்தாக” என்றான். இது சரியா தப்பா என்று எனக்கே தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கெங்கே மாட்டலாம் என்று அலைகிற பிள்ளை அவன். அவனுக்கு மதிப்பெண் சுழியம். கோட்டைச் சரியாக இழுத்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

சொல் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு நமக்கு ஆய்வு இல்லாமல் இல்லை. நியூசிலாந்தில் வார்விக் எல்லி என்பவர் 1989இல் எழுதினார். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கதையை மூன்று முறை வாசித்துக் காட்டினார்கள். எதுவும் விளக்காமல் வெறுமனே வாசித்தபோதே கதையில் இருந்த புதுச் சொற்களில் சுமார் 15 விழுக்காடு பிள்ளைகளிடம் ஒட்டியது. வாசிக்கும்போதே இடையில் ஒரு வார்த்தை விளக்கம், படத்தில் ஒரு தொடுதல், ஒரு சின்ன நடிப்பு என்று சேர்த்தபோது அது 40 விழுக்காடு அளவுக்குப் போனது. அதற்கு முன்பே அவரும் பிரான்சிஸ் மங்குபாயும் ஃபிஜித் தீவுக் கிராமப் பள்ளிகளில், வகுப்புக்கு 250 கதைப் புத்தகம் கொடுத்து, ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளுக்குச் சேர்ந்து வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். 1983இல் வெளிவந்த அந்த முடிவில், வழக்கமான பாடமுறையில் படித்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். வசதியான நகரத்துப் பள்ளியில் இல்லை, நம் ஊரைப் போல ஒதுங்கிய தீவுக் கிராமத்தில்.

இதில் எல்லோரும் கவனிக்காமல் தாண்டிப் போவது ‘மூன்று முறை’ என்பதை. ஒரே கதை. நம் பதிவேட்டில் ஒரு புத்தகத்தின் பெயரை இரண்டாவது தடவை எழுதிப் பாருங்கள், “போன வாரமும் இதே புத்தகமா?” என்று கேள்வி வரும். பிள்ளைகளோ நேர் எதிர். யானைக் கதை, யானைக் கதை என்று நச்சரிப்பார்கள். முதல் தடவை அவர்களுக்குக் கதை என்ன ஆகிறது என்பதில்தான் முழுக் கவனமும். குட்டி பிழைக்குமா மாட்டாதா என்ற பரபரப்பில் சொல்லைப் பார்க்க யாருக்கு நேரம்? இரண்டாவது தடவை, முடிவு தெரிந்த நிம்மதியில் படத்தின் மூலை முடுக்கைப் பார்க்கிறார்கள். கரையில் ஒரு தவளை இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். மூன்றாவது தடவை, நான் வரியை முடிப்பதற்குள் கூட்டாகச் சொல்லிவிடுகிறார்கள்: தண்ணீரில் இறங்கத் தயங்ங்ங்கியது. அந்த இழுவை நான் முதல் தடவை இழுத்த அதே இழுவை. சொல் வாய்க்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த நேரத்துக்கு நான் ஏழாவது புதுப் புத்தகத்தின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி கேட்கும் வியாதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசிக்கும்போது பிள்ளைகளிடம் கேள்வி கேட்க வேண்டும் என்று எங்கோ ஒரு நல்ல யோசனை சொல்லப்போக, அது இப்போது பக்கத்துக்கு நாலு கேள்வி என்று கட்டளையாகி நிற்கிறது. யானை என்ன நிறம்? எத்தனை மரம்? சூரியன் எங்கே? குட்டி கரையில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எத்தனை மரம் என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பெரியவர்கள் சினிமா பார்க்கும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, கதாநாயகன் சட்டை என்ன கலர், சொல்லுங்கள் பார்க்கலாம் என்றால் சும்மா இருப்போமா? கேட்க வேண்டியது கதைக்குள் ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை. எனக்கு விடை தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. கைமாற்று வாங்கப் போகிற அம்மா அப்படிக் கேட்டதில்தான் வந்தாள்.

இத்தனைக்கும் மேல், மாதத்துக்கு ஒரு தடவை நான் வாசிப்பதை அரை நிமிட வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது, எல்லோர் கையிலும் ஒரு புத்தகம் இருக்க வேண்டும், எல்லோரும் சிரித்த முகமாக இருக்க வேண்டும். கதை கேட்கிற பிள்ளை சிரித்த முகமாகவா இருக்கும்? வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். மூக்கு ஒழுகுவதுகூடத் தெரியாது.

கடைசியாக அந்த அலமாரி. புத்தகம் அத்தனையும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. தலைப்பு, விலை, வந்த தேதி எல்லாம் உண்டு. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும், ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். சில இடத்தில் சம்பந்தப்பட்டவர் கையைவிட்டுக் காசு கட்டியதும் உண்டு. எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிறார், பென்ஷன் பேப்பரில் ஒரு கறையும் விழக் கூடாது என்பது அவர் கவலை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. “டீச்சர், நீங்க வாசிங்க, பிள்ளைக கையில குடுக்காதீக” என்பார். சாவி அவர் சட்டைப் பையில்.

ஆனால் நான் வாசித்து முடித்ததும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் தன் கையில் வேண்டும். அதே பக்கத்தை, தன் வேகத்தில், விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கச்சிக்கு நான் வாசித்த அதே குரலில் வாசிப்பதாகப் பாவனை செய்ய வேண்டும். சொல் அப்போதுதான் அவளுடையதாகிறது. யானைக் கதையை அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டு வாங்கிப் போனாள். சாவியை எப்படி வாங்கினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். திங்கட்கிழமை திரும்பி வந்தது. நடுவில் பின் கழன்று, குளத்துப் பக்கம் தனியாக வந்துவிட்டது, ஓரத்தில் எண்ணெய்க் கறை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினாளாம். கோந்து போட்டு ஒட்டியிருக்கிறாள், தலைகீழாக.

எண்ணிக்கை எடுக்க வருகிறவர்களிடம் கேட்பதற்கு எனக்கு இருப்பது இவ்வளவுதான். அந்தப் பத்துச் சொல் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கொண்டுபோய் இருப்புப் பதிவேட்டில் ஒட்டுங்கள். சேதாரத்துக்குக் காரணம் என்ற பகுதியில் இப்போது கரையான், எலி, மழைநீர் மூன்றும்தான் அச்சடித்திருக்கிறது. நாலாவதாக, ‘பிள்ளைகள் படித்ததால்’ என்று ஒன்று சேர்த்துக் கொடுத்தால் நான் டிக் அடித்துக்கொள்வேன்.